கிறிஸ்துமஸ் காலையிலும் வண்டியை எடுத்தவள்

ரெபேக்காவின் வண்டி வரவில்லை என்றுதான் எனக்கு முதலில் செய்தி வந்தது. கூவத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவிந்தராஜ் அண்ணன் காலையில் போன் செய்தார். டயாலிசிஸுக்குக் கிளம்பி ரோட்டோரம் நிற்பதாகவும், ரெபேக்கா போனை எடுக்கவில்லை என்றும் சொன்னார். சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பவள் இல்லை அவள். அணுபுரத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். வண்டியை எடுக்க வெளியே வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாளாம். நான் போவதற்குள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்.

படூரில் வசிக்கும் அவள் மகள் ஷீலாவுக்கு நான்தான் தகவல் சொன்னேன். நெடுநேரம் அழுதாள். பிறகு, “ஆன்ட்டி, அவங்கள்லாம் காத்துகினு இருப்பாங்களே, யாரு கூட்டினு போறது?” என்று கேட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களை ரெபேக்காவின் அருகில் இருக்கச் சொல்லிவிட்டு, கடப்பாக்கம் வரை போய், காத்திருந்த நோயாளிகள் எல்லோரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். விஷயத்தை வழியில்தான் சொன்னேன்.

நம் சபையில் ரெபேக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவள் இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்பது பலருக்குத் தெரியாது. அவள் கணவர் தாமஸ் மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது, அதே வேனை ஓட்டக் கற்றுக்கொண்டு அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள். வழியில் இருந்த மற்ற நோயாளிகளும் அவர்களோடு வரத் தொடங்கினார்கள். தாமஸ் இறந்த வாரம், இனி என்ன செய்வது என்று காட்டும்படி ஜெபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அப்போது கடப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா தயங்கித் தயங்கி, இன்றைக்கு வண்டி வருமா என்று போனில் கேட்டிருக்கிறார். பின்னாளில் அதை என்னிடம் சொல்லும்போது ரெபேக்கா சிரித்தாள். “வானத்துலேர்ந்து சத்தம் வரும்னு பாத்துகினு இருந்தேன் சுகந்தி. போனுதான் வந்துச்சு.”

ஒரு வருடம் கிறிஸ்துமஸ் டயாலிசிஸ் நாளில் வந்தது. காலை ஆராதனையில் அவள் தனிப்பாடல் பாடுவதாக முன்பே முடிவாகியிருந்தது. வர முடியாது என்று போதகரிடம் சொன்னாள். பெரிய பண்டிகையாயிற்றே, வேறு டிரைவர் கிடைக்கமாட்டாரா என்று சபையில் சிலர் கேட்டார்கள். பண்டிகையன்று டிரைவர் கிடைப்பதே கஷ்டம், கடைசி நேரத்தில் வராமலும் போகலாம் என்றாள். பிறகு போதகரைப் பார்த்து, “சாமி பொறக்க எடம் இல்லன்னு சொன்ன சத்திரத்துக்காரன் கெட்டவனா இருந்திருக்க மாட்டான் ஐயா. இன்னிக்கு கூட்டமா கீது, அப்புறம் பாக்கலாம்னுதான் சொல்லியிருப்பான். நான் அத சொல்லமாட்டேன்” என்றாள். போதகர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார்.

அன்று நானும் வேனில் போனேன். கடப்பாக்கத்து அம்மா மிகவும் தளர்ந்திருந்ததால் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. கோவிந்தராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தால், அவர் கட்டிலை விட்டு எழவில்லை. பயிர் வைத்துப் பிழைத்த மனிதர். உடம்பை ஊசிக்குக் கொடுத்துச் சலித்துவிட்டது, இனி வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் மனைவி கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். ரெபேக்கா கெஞ்சவில்லை, வசனமும் சொல்லவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணாத்த, வேணாம்னு நீ சொல்றத இன்னொரு நாள் பேசிக்கலாம். இன்னிக்கு எங்க சாமி பொறந்த நாளு. இன்னிக்கு மட்டும் என்கூட வா.”

அவர் மெல்லத் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். பிறகு மனைவியிடம் சட்டையைக் கேட்டார். அடுத்த முறை என்ன சொல்லி அழைப்பாய் என்று வழியில் கேட்டேன். “அடுத்த தபாவும் இன்னிக்கு மட்டும்னுதான் சொல்லுவேன்” என்றாள். ஆலயத்தில் பாட வேண்டிய பாடலை, திருக்கழுக்குன்றம் ரோட்டில் வண்டி ஓட்டியபடியே பாடினாள். கோவிந்தராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மகனும் படூரில்தான் இருக்கிறான். அங்கே வந்து தங்களோடு இருக்கும்படி பல மாதங்களாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போவதா வேண்டாமா என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பதில் இல்லை என்று ரெபேக்காவிடம் ஒருநாள் குறைபட்டுக்கொண்டேன். “பதில் வரலன்னா கைல கீற வேலைய செய். உன்ன நகத்தணும்னா அவருக்கு நகத்தத் தெரியும்” என்றாள். அன்று எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை.

அடக்க ஆராதனைக்குக் கோவிந்தராஜ் அண்ணன் வந்திருந்தார். நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. மற்றவர்களைப் பார்த்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். பிறகு என்னிடம் வந்து, கேட்கவே கூச்சப்பட்டவர்போல, “அடுத்த தபா யாரும்மா வருவாங்க?” என்றார்.

“நான் வரேன் அண்ணா” என்றேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத் தோன்றவில்லை.

படூருக்கு வரவில்லை என்று அன்றே மகனிடம் சொல்லிவிட்டேன். வேனை ஷீலா எனக்கே விட்டுக்கொடுத்திருக்கிறாள். காரைவிடக் கனமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பழகிவிட்டேன். என் தோழியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவளுடைய பிடிவாதத்தை. தேவனுடைய சித்தம் எதுவென்று தெரியாத நாளிலும், காத்திருக்கும் மனிதரிடம் போய்ச் சேர்ந்துவிடும் பிடிவாதம் அது.

இந்த வருடமும் கிறிஸ்துமஸ் டயாலிசிஸ் நாளில்தான் வருகிறது. பாடகர் குழுவில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஆலயத்தில் எழுந்து நின்று முதல் பாடலைத் தொடங்கும் நேரத்தில், நான் கடப்பாக்கத்தில் அந்த அம்மாவைக் கைபிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பேன்.