முச்சந்தியில் நான் நட்ட கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மலாயாவின் கிள்ளானில் ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிகக் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். வட்டாரத்தில் எத்தனை கோயில், எத்தனை மசூதி, எத்தனை மாதா கோயில் என்று எண்ணி வரச் சொல்லி ஒரு சைக்கிளைக் கொடுத்தார்கள். கணக்குச் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். பிசகினால் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பிப் பால்மரம் சீவ வேண்டியதுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் போகிற இடமெல்லாம் சர்க்கரைப் பொங்கல். வேண்டாம் என்றால் சாமி குற்றம்; தின்றாலோ சைக்கிள் மிதிக்க முடியாது. நான் சாமி குற்றத்துக்குத்தான் பயந்தேன்.

கிள்ளானை அடுத்த மேரு பக்கம் தோட்டச் சடக்குப் பாதைகள் எல்லாம் ஒரே அச்சு. போன பாதையிலேயே மறுபடி போய் எண்ணிவிடக் கூடாதென்று, முடித்த பாதையின் முச்சந்தியில் ஒரு கல்லை நட்டுச் சிவப்புச் சாயம் பூசிவிட்டு வந்தேன். இப்படிப் பன்னிரண்டு கல். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். குத்துக்கல்லில் சிவப்பு பூசினால் என்ன நடக்கும் என்று தமிழனாகப் பிறந்தவனுக்கு உறைக்க வேண்டாமா?

மூன்று வாரம் கழித்து என் மேலதிகாரியான பெரிய கிராணி சரிபார்க்க உடன் வந்தார். முதல் முச்சந்தியிலேயே என் கல்லுக்கு மஞ்சள் துணி, எலுமிச்சம்பழ மாலை, தலைக்கு மேல் தகரக் கொட்டகை. கைக்குழந்தையோடு ஒரு பெண் சூடம் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் பாவனை செய்தேன்.

"சக்தியான சாமிங்க. பிள்ளைக்கு ஒரு வாரமா காய்ச்சல். இங்க வேண்டிக்கிட்டேன், எறங்கிருச்சு," என்றாள்.

பெரிய கிராணி சப்பாத்தைக் கழற்றிக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது உன் பட்டியல்ல எத்தனையாவது?" என்றார்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாமல் பையிலிருந்த சாய டப்பாவை எடுத்துக் காட்டினேன். டப்பாவைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். குழந்தைக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்த அவளைப் பார்த்தார்.

"எத்தனை கல்லு நட்ட?" என்று என் காதோரம் கேட்டார்.

"பன்னிரண்டு, ஐயா."

"டப்பாவை உள்ள வை. பன்னிரண்டையும் சேர்த்து எழுது," என்றார்.

எழுதினேன். அவர் சப்பாத்து மாட்டுகிற நேரத்தில், என் வேலை நிலைக்க வேண்டும் என்று நானும் அந்தக் கல் முன்னால் கண்ணை மூடி நின்றேன். அடுத்த மாதம் நிரந்தரமாயிற்று. அன்றுமுதல் அந்த முச்சந்தியைச் செருப்போடு கடக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.