தராசக்காவின் தட்டு

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தச் சந்தில் எல்லாரும் திருதிருவென்று விழிப்பார்கள். தராசக்கா என்றால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எதிரில் நிறுத்திவிடுவார்கள். தோளில் ஒரு பை. பைக்குள் கையகல மின்தராசு, மூடி போட்ட சின்னச் சின்னப் புட்டிகள். உணவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருகிறவள். அடுப்படியில் உட்கார்ந்து, யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று நிறுப்பாள். சாப்பிட்டதும் தட்டில் மிஞ்சியதை நிறுத்துக் கழிப்பாள். பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புட்டியில் அடைத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவாள்.

"அடுத்தவன் சோத்தை எட்டிப் பாக்குறதுக்கு ஒரு உத்தியோகமா?" என்று அவள் மாமியாரே ஆரம்பத்தில் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டவர்தான். தையல்காரரான புருஷன் மட்டும், "எனக்கு டேப்பு, அவளுக்குத் தராசு. ரெண்டு பேருக்கும் அளக்குறதுதான்மா பொழப்பு" என்று சிரித்தார்.

வேலையில் அவள் சூரப்புலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரி உப்புப் பார்க்கக் கரண்டியை வாயில் வைத்தால்கூட, "அது யார் கணக்குல எழுதட்டும்?" என்று கேட்டுவிடுவாள். நிலையத்தின் தலைவியான ஆராய்ச்சியம்மா லேசில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை. அவரே ஒருநாள் எல்லார் எதிரிலும், "இந்தம்மா கொண்டுவர்ற எண்ணை நான் திருப்பிச் சரிபார்க்கறதே இல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீடு திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வருஷம் அவளுக்குக் கிடைத்த வேலை இந்தச் சந்துதான். இங்கே கைக்குழந்தைக்காரிகளுக்குத் தினமும் காலையில் ஒரு தம்ளர் பாலும் ஒரு முட்டையும் அரசாங்கம் கொடுத்துவந்தது. அது தேவைதானா என்று மேலிடத்தில் ஒரு கேள்வி கிளம்பியது. சந்துப் பெண்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்று தராசு சொல்லிவிட்டால் பாலும் முட்டையும் நின்றுபோகும். தராசு அப்படித்தான் சொன்னது. வீட்டுக்கு வீடு பெண்களின் தட்டு நிறைந்தே இருந்தது.

அவளுக்கு என்னவோ உறுத்தியது. தகரப்பட்டறைக்காரரின் மனைவி எலும்பும் தோலுமாக, இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறாள். தட்டிலோ சோறு குவிந்து கிடக்கிறது. சாப்பிடுகிறதெல்லாம் எங்கேதான் போகிறது? ஆனால் உறுத்தலை நிறுக்க அவளிடம் தராசு இல்லையே. எண்களை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிறுக்கிறவர்களின் கை பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க, வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய் நிறுத்துவர வேண்டும். அவள் வீட்டுக்கு வந்தவள், கண்ணாடிக்காரி என்று எல்லாரும் கூப்பிடும் சிநேகிதி. கலகலவென்று பேசிக்கொண்டே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாடிக்காரி எல்லார் தட்டையும் நிறுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் விடுமுறை. புருஷன், மகள், மாமியார் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தராசக்கா அடுப்படியில் நின்றபடியே சட்டியை வழித்தாள். முந்தின நாள் மிஞ்சின பருப்பையும் அதில் கொட்டிப் பிசைந்தாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

நேற்று தான் உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்கென்று ஒரு முட்டை வேறு பொரித்துக்கொண்டாள். என்றைக்குப் பொரித்திருக்கிறாள்? திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒருத்தி எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்க்கும்போது வெறும் தட்டை நீட்டக் கூசியது, அவ்வளவுதான். ஊரார் தட்டையெல்லாம் நிறுத்த மகராசியே தராசு முன்னால் வேஷம் கட்டியிருக்கிறாள் என்றால், சந்துக்காரிகள் கட்டாமலா இருந்திருப்பார்கள்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. அறிக்கை அச்சாகிவிட்டது. அவளுக்கு நல்ல பெயரும் மிஞ்சும். ஆனால் அந்தச் சட்டியை வழித்தவளுக்கு அது எப்படி முடியும்? மறுநாள் காலையில் ஆராய்ச்சியம்மாவின் அறைக்குள் போய் நின்றாள்.

"மேடம், என் எண்ணு எல்லாம் தப்பு."

"எந்த வீட்டுது?"

"எல்லா வீட்டுதும்."

நடந்ததைக் கேட்கக் கேட்க ஆராய்ச்சியம்மாவின் முகம் சிவந்தது. "மேலிடத்துல இந்த அறிக்கைய வைக்கற கூட்டத்துக்குத் தேதி குறிச்சாச்சு. இப்ப வந்து தலையில கல்லைத் தூக்கிப் போடறியே!" என்று பொரிந்து தள்ளினார். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது குரல் தணிந்திருந்தது. "சரி, மறுபடியும் போனா மட்டும்? நீ எப்பப் போனாலும் விருந்தாளிதானே?"

"விருந்தாளி மவுசு தீர்ற வரைக்கும் போறேன் மேடம். முதல்ல என் வீட்டுலயே பாத்துடலாம். கண்ணாடிக்காரி தினம் வரட்டும்."

கூட்டத்தைத் தள்ளிப்போடுவது தன் பாடு என்றார் ஆராய்ச்சியம்மா. அப்படிச் சொல்ல அவருக்கும் ஒரு நெஞ்சு வேண்டும், அது இருந்தது.

தராசக்கா வீட்டில் சீக்கிரமே முட்டை காணாமல் போனது. கண்ணாடிக்காரி வந்தால் தலைவாரிக்கொண்ட மாமியார், அதை விட்டார். பிறகு ஒருநாள் தராசக்கா தன்னை மறந்து, நின்றபடியே சட்டியை வழித்தாள். கண்ணாடிக்காரி அதையும் நிறுத்து எழுதிக்கொண்டாள்.

சந்திலும் அதே கதைதான். முதலில் உபசாரத் தேநீர் நின்றது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா, கால் இடறுது" என்று அதட்டல் வந்தது. கடைசியில் ஒருநாள் தகரப்பட்டறைக்காரரும் மனைவியும், அவள் ஒருத்தி இருப்பதையே மறந்து, ஒழுகும் கூரைக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். "ஊர்க் கூரையெல்லாம் அடைக்கிற, உன் கூரைய அடைக்க வக்கில்ல!" என்று கரண்டி பறந்தது. தராசக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தான் இனி விருந்தாளி இல்லை என்பது அப்போது அவளுக்கு நிச்சயமாயிற்று.

அன்று பகல் பட்டறைக்காரர் மனைவி எல்லாருக்கும் சுடச்சுடப் போட்டுவிட்டு, காலையில் மிஞ்சியதைச் சட்டியோடு வழித்தாள். தராசு காட்டிய எண்ணைப் பார்த்து அவளே திகைத்தாள்.

"இவ்வளவுதானா நான் திங்கிறேன்?"

"அன்னைக்கு மட்டும் ஏம்மா அவ்வளவு போட்டுக்கிட்ட?"

"நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்களேக்கா. பட்டினிக்காரி மாதிரி தெரிஞ்சா எங்க வீட்டுக்காரருக்குத்தானே அசிங்கம்?"

அந்த மிச்சத்திலிருந்து எடுத்த புட்டியில் கிருமி மொய்த்துக் கிடந்தது. அளவும் குறைவு, அதுவும் கெட்டது. வீட்டுக்கு வீடு இதே நிலைதான்.

கூட்டத்தில் ஆராய்ச்சியம்மா எல்லாவற்றையும் திரையில் காட்டினார். வீடுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெரிய அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "முதல் தடவை வயிறு நிறைய, ரெண்டாந்தடவை அரை வயிறா? பால் நின்னுடும்னு காதுல விழுந்திருக்கும். குறைச்சுத் தின்னு காட்டியிருப்பாங்க. எங்க காதுல பூச்சுத்தாதீங்க!"

ஆராய்ச்சியம்மா வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் தராசக்கா எழுந்துவிட்டாள்.

"திரையில முதல்ல இருக்கற வீட்டைப் பாருங்க சார். அது அந்தச் சந்துல இல்ல. அந்தம்மா மாசச் சம்பளம் வாங்கறவங்க. அவங்களுக்குப் பாலும் வராது, முட்டையும் வராது. அவங்க தட்டும் அதே மாதிரி முதல்ல நிறைஞ்சு, அப்புறம் குறைஞ்சுதான் இருக்கு. அவங்க யாருக்காகக் குறைச்சுத் தின்னு காட்டணும்?"

"அது யார் வீடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது என் தட்டு சார்."

அதிகாரி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பேனாவைத் திறந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பாலும் முட்டையும் நிற்கவில்லை. மிச்சத்தைக் கெடாமல் வைப்பது எப்படி என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் நிலையத்துக்கே வந்தது. வெளியே வந்ததும் ஆராய்ச்சியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதற்குள் சேதி வீட்டுக்குப் போயிருந்தது. அவள் பையை இறக்கி வைக்கும் முன்பே மாமியார் தட்டைப் போட்டுவிட்டார். தையல்காரர் மகளோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"உக்காரு. இன்னைக்கு நீதான் முதல்ல."

"அவங்கல்லாம் இன்னும் சாப்பிடலையே அத்தை."

"நிக்கட்டும். பெரிய ஆபீசர் முன்னாடி எம்மருமக நின்னா, இவங்க நிக்கக் கூடாதா?"

அவள் உட்கார்ந்தாள். சோறு சூடாக இருந்தது.