சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

இதை எழுத ஏழு வருஷம் தயங்கினேன். நோட்டைத் திறப்பேன், மேலே 'முருகா' என்று எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாவது தாண்டாதவன், ராணுவப் பட்டறையில் ஃபிட்டர், எனக்கு எழுத்து வராது என்று சொல்லிக்கொள்வேன். அது சாக்கு. உள்ளதை எழுதினால் காலனியில் எனக்கு இருக்கிற மரியாதை போய்விடும். அதுதான் காரணம்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்குச் சீமைக்கு வந்து அல்வாலில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. ஊருக்கு வெளியே ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு பாறைக் குன்று, அதன் உச்சியில் சின்னதாக ஒரு முருகன் கோயில். கிருத்திகைக்குக் கிருத்திகை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பால் எடுத்துக்கொண்டு போவோம். படி கிடையாது. ஜல்லி பெயர்ந்த செங்குத்துப் பாதைதான். மகள் டைபாய்டில் கிடந்தபோது என் மனைவி, தன் கையாலேயே பால்செம்பை உச்சிவரை கொண்டுவந்து தருவதாக வேண்டிக்கொண்டாள். மகள் எழுந்துவிட்டாள். அதே வருஷம் என் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. வேண்டுதல் மூணு வருஷமாக அப்படியே நின்றது.

என் மச்சான், அதாவது அவள் தம்பி, பக்கத்தில் திருமுல்கேரியில் இருக்கிறான். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப் ஒன்று வைத்திருக்கிறான். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டினான். அதிலிருந்து வண்டிக்கு இழுவை போய்விட்டது. பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"அக்காவ உச்சிக்கு ஏத்துறது என் பொறுப்பு. ஆக்சிலுக்குள்ள பல்ல மாத்துறது உன் பொறுப்பு மாமா" என்றான்.

ஆக்சிலுக்குள் கிரௌன் என்று ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்று ஒரு சின்னது. டயர் ஒரு சுற்று சுற்ற, இவன் வண்டியில் பினியன் நாலேகால் சுற்று சுற்றும். அதையே ஐந்தேகாலுக்கு மேல் சுற்றுகிற மாதிரி மாற்றினால் வேகம் குறையும், இழுவை கூடும். ஆனால் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லாவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். அதனால் ரெண்டு செட் வாங்கினோம்.

ஒரு விஷயம் இங்கே சொல்லவேண்டும். கிரௌனையும் பினியனையும் செய்கிற இடத்திலேயே ஜோடியாக உரசி ஓட்டி, ரெண்டின் மேலும் ஒரே நம்பரைக் கீறி அனுப்புவார்கள். ஜோடி மாறக்கூடாது. பட்டறையில் நான் தினமும் பார்க்கிற வேலை இது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

செட்டுகள் வந்தது ஆயுத பூஜைக்கு முதல்நாள். பூஜை முடிந்து, அதற்கு மறுநாள் விஜயதசமியில் மாட்டுவது என்று முடிவு. புதுச் சாமானைப் பூஜையில் வைக்காமல் மாட்ட எனக்கு மனசு வராது. மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்துத் துருப்பிடித்த கம்பியில் கட்டியிருந்த நம்பர்ச் சீட்டுகள் சாமி முன்னால் அசிங்கமாக இருக்குமென்று நானே அறுத்துக் குங்கும டப்பாவில் போட்டேன். வாழையிலையில் ரெண்டு கிரௌனையும் பக்கத்தில் பக்கத்தில், அவற்றின் நடுவே ரெண்டு பினியனையும் நிறுத்தினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. நாலுக்கும் கை நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். நம்பர் கீறியிருந்த இடமெல்லாம் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் பல்லை மட்டும் துடைத்து மாட்டினோம்; கிரௌன் விளிம்பைத் தேய்த்து நம்பரைச் சேர்த்துப் பார்க்கவில்லை. எண்ணெயில் குழைத்த செந்தூரத்தைப் பல்லில் தடவிச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். பல் தொடுகிற இடத்தில் செந்தூரம் அழியும். நடுவில் அழியவேண்டும். பின் ஆக்சிலில் ஓரமாகவே அழிந்தது. மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்தேன். கொஞ்சம் நகர்ந்தது, நடுவுக்கு வரவில்லை.

"நக்கோ மாமா, வேணாம், போதும். ஓட ஓடப் படிஞ்சிடும்" என்றான் மச்சான்.

எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது.

ஓடியது. இழுவையும் வந்தது. ஆனால் அடியிலிருந்து 'ஊங்' என்று ஒரு சத்தம், விடவே இல்லை. எட்டு நாள் கழித்து, கிருத்திகைக்கு முதல்நாள் சாயங்காலம், பின் ஆக்சிலின் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். பல் தேய்ந்த இரும்பு உள்ளங்கையில் வெள்ளிப்பொடி மாதிரி மின்னியது. மூடியைக் கழற்றி கிரௌனின் விளிம்பைத் துணியால் தேய்த்தேன். 52. பினியனை மாட்டும்போது அதன் தலையில் 37 என்று பார்த்த ஞாபகம் நன்றாக இருந்தது. குங்கும டப்பாவைத் திறந்தேன். ஒரு சீட்டில் 37, இன்னொன்றில் 52. இங்கே ஜோடி மாறியிருந்தால் முன் ஆக்சிலிலும் மாறித்தானே இருக்கும்.

உள்ளே என் மனைவி பால்செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மலைக்கு எந்தப் புடவை கட்டட்டும்?" என்று கேட்டாள். நான் மூடியை மாட்டினேன். புது எண்ணெய் ஊற்றினேன். "பச்சை கட்டு" என்றேன்.

காலையில் மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அவளும் காலனிப் பெண்கள் மூணு பேரும். செம்பு அவள் மடியில். அடிவாரத்தில் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டான்.

"ஐயோ பாரு மாமா! ரெண்டாம் கியர்லயே ஏறுது! இனிமே என் வண்டிய எருமைன்னு சொல்லு பாப்போம்!"

"சொல்ல மாட்டாரு. உன்னைத்தான் சொல்லுவாரு" என்றாள் அவள். பெண்கள் சிரித்தார்கள். நான் காலைத் தரையில் அழுத்தி, உள்ளங்காலால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஊளையாக மாறியிருந்தது. வலது பக்கம் பள்ளம். இந்த மாதிரி ஜீப்பில் கைபிரேக் டயரைப் பிடிக்காது, பினியனுக்குப் போகிற நடுத்தண்டைப் பிடிக்கும். பினியன் பல் போனால் கைபிரேக்கும் போச்சு. கந்தா, கந்தா என்று உதடு சொல்கிறது, மனசு பல்லை எண்ணுகிறது.

டக்.

"நிறுத்து!"

"கைக்கு மாமா? ஏன்? நல்லாத்தானே..."

"நிறுத்துடா! கால்பிரேக்குல இருந்து காலை எடுக்காதே!"

குதித்து இறங்கி, கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம் நாலு டயருக்கும் பின்னால் அண்டை கொடுத்தேன். பெண்களை ஒவ்வொருவராக மலைப்பக்கமாக இறக்கினேன். கடைசியில் அவளை. அவளும் மச்சானும் இறங்கியபின் வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்து, கல்லில் முட்டி நின்றது. உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது.

பெண்களில் மூத்தவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. உங்க காதுல முருகன்தான் வந்து சொன்னான்." மற்ற ரெண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் குனிந்து இன்னொரு கல்லை டயருக்கு அடியில் நகர்த்தினேன்.

மச்சான் செம்பை வாங்கிக்கொண்டு அவர்களோடு மேலே நடந்தான். நானும் அவளும் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். மேலே மணி அடித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அப்போது சொன்னேன். சீட்டு, சந்தனம், 37, 52, நேற்றுச் சாயங்காலம், எல்லாம்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மூணு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒரு கிருத்திகை காத்திருக்க மாட்டேனா? புடவை கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். குரல் உயரவே இல்லை. "நாலு பேரோட பிள்ளைங்க வீட்ல இருக்காங்க."

பின் ஆக்சில் பினியனில் மூன்று பல் உடைந்திருந்தது. ரெண்டு ஆக்சிலுக்கும் திரும்ப செட் தேடி, நம்பரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்து, செந்தூரம் நடுப்பல்லில் அழிகிறவரை விடாமல் மாட்டினேன். அடுத்த கிருத்திகையில், வண்டியில் ஏறும் முன் அவள் ஒன்றுதான் கேட்டாள். "நம்பர் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். ஏறினாள். வேண்டுதல் முடிந்தது.

ஆனால் காலனியில் கதை வேறாகிவிட்டது. முருகன் என் காதில் சொன்னதாக ஒவ்வொரு கிருத்திகையிலும் யாராவது சொல்கிறார்கள். எனக்கு முதல் விபூதி தருகிறார்கள். ஏழு வருஷமாக அதை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவள் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

முருகன் காப்பாற்றினான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காதில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. முதல்நாளே கண்ணில் காட்டினான். நான்தான் மூடியைப் போட்டு மூடினேன்.

படிக்கிறவர்கள் இதை வண்டி வைத்திருப்பவர்களுக்கும், மலைக்குப் போகிறவர்களுக்கும் சொல்லுங்கள். எதையும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். முக்கியமாக, அந்தச் சாயங்காலத்தை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.