எவர்சில்வர் மேடையின் புள்ளிகள்

பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கில் ஏறினால் இன்றும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். மழைக்காலம் முடிந்ததும் சுகாதாரப் பணிக்கு வரும் அக்கா ஒருத்தி கிணற்றில் கலக்கச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகும் அந்த வெள்ளைப் பொடியில் மீந்ததை, அம்மா ஒரு பழைய டப்பாவில் போட்டு "அடுக்களை"க்கு வெளியே வைத்திருப்பாள்.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் அடுப்பு மேடையையும் பாத்திரம் கழுவும் தொட்டியையும் ஒரே எவர்சில்வர் தகடாகப் பதித்தபோது, அக்கம்பக்கத்தில் அப்படி ஒன்று யாருக்கும் கிடையாது. அம்மாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை, நான் இரண்டாவதுதான்.

அதே வருடம்தான், ஆரியங்கோட்டில் கட்டிக்கொடுத்திருந்த அப்பாவின் தங்கை தங்கம் மாமி, புருஷன் செத்து, அங்கே இருக்க முடியாமல் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளை யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் அந்த வீட்டுச் சோறு இறங்காது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. மண்சட்டியையும் அலுமினியத்தையும் சாம்பலும் "சகிரி"யும் வைத்துத் தேய்த்துப் பழகிய கை அது. தேங்காய் நாரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ காய்ந்தால் எவர்சில்வரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிற தண்ணீர். கழுவிய கையோடு துணியால் துடைத்துவிட வேண்டும் என்பது மாமிக்குத் தெரியாது, அம்மா சொல்லிக்கொடுக்கவும் இல்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தங்கம், இது எவர்சில்வராக்கும், மண்சட்டி இல்ல, கேட்டியா?" என்பாள். "இப்பம் தேச்சு வைக்கேன் மைனி" என்று மாமி மறுபடியும் சகிரியை எடுப்பாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது; மாமி என்றால் உயிர். ஒரு நாள் மதியம் அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்க, மாமி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருக்க, ஒரு கிணற்றையே சுத்தமாக்குகிற பொடி இந்தத் திட்டையா போக்காது என்று மேடை முழுக்கத் தூவி, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடினேன். செய்தது நான் என்று தெரியக்கூடாது, அம்மா வந்து பார்த்து மாமியை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். விளையாடிவிட்டு வந்து கழுவித் துடைத்தேன், பளபளவென்றுதான் இருந்தது. அன்று சாயங்காலம் மாமியும் தன் பங்குக்குப் புளியும் உப்பும் வைத்து ஒரு தேய் தேய்த்தாள்.

மறுநாள் காலையில் மேடை முழுக்கத் துருப்புள்ளி. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. விரல் வைத்தால் குழி தட்டுப்பட்டது; நான் தூவிய பொடி எவர்சில்வரை அரித்திருந்தது.

"எதைப் போட்டுத் தேச்ச?" என்று அம்மா கத்தினாள்.

"புளியும் உப்பும்தான் மைனி. அறியாமச் செய்துட்டேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அடிக்குப் பயந்து அல்ல என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாவி, அடிக்குப் பயந்துதான்.

"இந்த அடுக்களைக்கு ஒரு பொம்பள போரும்" என்று அம்மா அப்பாவிடம் அழுதாள். ஒரு வாரத்தில் அப்பா, கள்ளிக்காடு என்ற ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவிக்குத் துணையாக மாமியைக் கொண்டுபோய் விட்டார். "கொஞ்ச நாளைக்காக்கும்" என்றார். வீடு மாறி வீடாக, நோயாளி மாறி நோயாளியாக, அந்தக் கொஞ்ச நாள் அவளுடைய ஆயுசாகவே போய்விட்டது.

இப்போது அந்த மேடை இல்லை. பழைய இரும்புக்காரன் கொண்டுபோய், கிரானைட் வந்தாயிற்று. அம்மாவும் இல்லை. நெய்யாற்றின்கரையில் இருக்கும் என் வீட்டுக்குப் போன மாதம் மாமி வந்திருந்தாள். சாயா குடித்துவிட்டு, உள்ளே எவர்சில்வர் தொட்டி இருக்க, டம்ளரோடு வெளிக்குழாய்க்கு நடந்தாள்.

"உள்ளயே கழுகலாமே மாமி."

"வேண்டாம் மக்கா. எனக்க கைக்கு எவர்சில்வர் ஆவாது. உனக்க அம்மைக்க அடுக்களைய நாசமாக்குனவளாக்கும் நான்."

இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். "அது நீங்க இல்ல மாமி, நானாக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டது நான்."

மாமி சிரித்தாள். என் கன்னத்தைத் தடவி, "எனக்கு வேண்டி நீ கள்ளம் சொல்லாண்டாம் மக்கா. சின்னதுலயே நீ எனக்க பக்கமாக்கும்" என்றாள்.

"சத்தியமா மாமி" என்றேன்.

"செரி, செரி" என்று சொல்லிவிட்டு, குழாயடியில் குனிந்து டம்ளரைக் கழுவத் தொடங்கினாள்.