பர்மா தேக்கில் நாலு விரற்கடை

திருப்பத்தூரில் பத்திரம் அடிக்க வேண்டுமா, அனுசுயாவிடம் போ என்பார்கள். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கிறவர்; எல்லை விவரத்தில் ஓர் எழுத்துப் பிசகாது. பத்திரக் கடை முதலாளி முத்துராமனுக்கு அதில் அப்படியொரு பெருமை. வினையே அந்தப் பெருமையில்தான் வந்தது.

காரைக்குடிப் பழைய சாமான் கடையில் ஒரு பர்மா தேக்கு மேசையைப் பார்த்திருக்கிறார் மனிதர். நாலு பேர் தூக்கிவந்து போட்டார்கள். சந்தனம், குங்குமம் வைத்துக் கம்ப்யூட்டரை ஏற்றி, "ஒனக்காகத்தான் வாங்குனேன் ஆத்தா," என்றார். அனுசுயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்தால் மேசை நெஞ்சு உயரம். அதை யார் கவனித்தார்கள்?

மூன்றே மாதத்தில் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு அடித்தால் மரக்காமல் என்ன செய்யும்? அனுசுயாவோ சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். ஒருநாள் தோசை மாவுச் சட்டி கைநழுவித் தரையெல்லாம் மாவு. அன்றைக்குத்தான் பயந்தார். புருஷன் இல்லாத வீடு. இரண்டு பிள்ளைகள் படிப்பதே அந்தக் கையால்தான்.

பிசியோதெரபி பார்க்கும் சத்தியப்பிரியா, அவர் உட்காரும் விதத்தைத்தான் முதலில் கேட்டாள்.

"முழங்கை மேசை மட்டத்துக்கு இருக்கணும்க்கா. ஸ்கிரீனோட மேல்விளிம்பு கண்ணுக்கு நேரா. பாதம் தரையில பதியணும். ஒங்க மேசை ரொம்ப ஒசரம். இப்படியே போனா கை வெளங்காமப் போயிரும்."

நாற்காலியில் தலையணை போட்டுப் பார்த்தார். கால் தொங்கி வீங்கியது. முதலாளியிடம் எப்படிச் சொல்வது? ஆசையாக வாங்கிப் போட்டவராயிற்றே! ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். அப்புறம் முடியவில்லை. சத்தியப்பிரியா சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "கோவிச்சுக்கிறாதீகண்ணே. ஒண்ணு மேசைய மாத்துங்க, இல்லாட்டி என்னைய விட்ருங்க," என்று அழுதேவிட்டார்.

முத்துராமன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போனார். சரி, அவ்வளவுதான் என்று அனுசுயா டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் தன்னிடமிருந்த இன்னொரு கடைச்சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தால், தரையெல்லாம் மரத்தூள். மேசைக் கால் நான்கிலும் நாலு விரற்கடை காணோம். அறுத்த துண்டுகள் மானிட்டருக்கு முட்டுக்கொடுத்திருந்தன.

"என்னண்ணே, பர்மா தேக்கப் போயி அறுத்துட்டீகளே!"

"மொதல்ல உக்காரு. முழங்கை சரியா இருக்கான்னு பாரு."

உட்கார்ந்தார். தோள் தானாக இறங்கியது.

"தேக்கு கெடக்குது, விடு. ஒன் கை போச்சுன்னா நான் எங்குட்டுப் போவேன் ஆத்தா?" என்றார் முத்துராமன்.