பெரியப்பாவுக்காக வைத்த பியூஸ்

எண்பதுகளில், பினாங்கை ஒட்டிய பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். டெக்னீஷியன் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்களோடு ஷிப்ட் வேலை என்றதும் அப்பா, "பெரியப்பா என்ன சொல்றாரோ அதான்லா" என்று நழுவிவிட்டார். தன் அண்ணனைக் கேட்காமல் அவர் ஒரு தலையணைகூட வாங்கமாட்டார்.

பெரியப்பா ஒரே பேச்சில் முடித்தார். "போன வருஷம் நீ பந்தல் விளக்குக்குச் செஞ்ச பெட்டி புகைஞ்சு போச்சு. இந்தத் தைப்பூசத்துக்கு எரியட்டும், அப்புறம் பயிற்சிக்குப் போ."

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் குடும்பம் தண்ணீர்ப் பந்தல் போடும். பந்தல் உச்சியில் வேல் வடிவில் மினுக்கும் விளக்குகள். அவற்றை மினுக்க வைக்கும் போர்டு என்னுடையது, கார் பேட்டரியில் ஓடுவது. பேட்டரியை இணைக்கும் உரிமையோ பந்தல் தலைவரான பெரியப்பாவுக்கு மட்டும். முதலில் பூஜை போடுவார். பேட்டரியின் தலை முழுக்கச் சந்தனம் பூசி, இரண்டு முனைகளிலும் தாராளமாகக் குங்குமம் அப்புவார். பிளஸ் குறியும் மைனஸ் குறியும் சந்தனத்துக்குள் சமாதி. முந்தின வருடம், சிவப்பு வயரைச் சிவப்பு முனையில், அதாவது பிளஸில், மாட்டுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்த மகானுபாவர் இரண்டு முனைகளையும் சிவப்பாக்கிவிட்டு, தோதுப்பட்டதில் மாட்டினார். போர்டு கருகியது. பழி மட்டும் பத்திரமாக என்னிடம் வந்து சேர்ந்தது.

பெரியப்பாவைத் திருத்துவது நடக்கிற காரியமா? போர்டைத் திருத்தினேன். பேட்டரி வயர் நுழையும் இடத்தில் ஒரு பியூஸ், அதற்குப் பின்னால் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு. வயரை மாற்றி மாட்டினால் மின்சாரம் முழுவதும் டயோடு வழியே பாயும். பியூஸ் எரிந்துபோய்விடும், போர்டு பிழைத்துக்கொள்ளும். மாற்று பியூஸ்களைத் தாவணி முனையில் முடிந்துகொண்டேன்.

அந்த வருடமும் சந்தனம், குங்குமம். அந்த வருடமும் மாற்றித்தான் மாட்டினார். விளக்கு எரியவில்லை.

"பார்த்தியா தம்பி, இவளுக்கு இதெல்லாம் ஒத்து வராதுலா," என்று அப்பாவிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். 'தப்பு உங்களுடையது' என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால் பயிற்சி அன்றோடு சரி. சொல்லாவிட்டாலும் அதே கதி.

"பெரியப்பா, ரதம் வந்துருச்சு! இன்னும் தேங்காய் உடைக்கலையே?" என்று கூவினேன்.

பதறிப்போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பினாங்கில் ரதம் வரும் வழியில் தேங்காயைக் குவித்துவைத்து உடைக்காவிட்டால் பந்தலுக்கே மானக்கேடு. அவர் ஆவேசமாக உடைத்துக்கொண்டிருக்க, நான் பேட்டரியைத் துடைத்தேன், வயர்களை இடம் மாற்றினேன், புது பியூஸ் போட்டேன். கடைசித் தேங்காய் சிதறியபோது சுவிட்சைத் தட்டினேன்.

வேல் மினுக்கியது. கூட்டம் அரோகரா என்றது. பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தேங்காய் உடைக்காம விளக்குப் போட்டா எப்படிலா எரியும்? தம்பி, இவ போகட்டும். முருகனே சரின்னுட்டாரு."

முருகன் தாராளமாகப் பெயரை எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். மோர்க் குவளையோடு அப்பா பக்கத்தில் வந்து நின்றார். பெரியப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ வயரை மாத்துனதை நான் பார்த்தேன். அண்ணன்கிட்ட மூச்சு விடாதே."