நாலு பாக்ஸும் ஒரு நிச்சயதார்த்தமும்

போன ஞாயிறு, நன்னிலத்தில் நண்பர் ராஜேந்திரன் மகளுக்கு நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகை வாசிக்கும் வேலை எனக்கு. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, நட்சத்திரம் மூன்றையும் சரிபார்க்காமல் வாய் திறக்க மாட்டேன் என்று ஊரில் எனக்கொரு பெயர்!

சவுண்ட் சர்வீஸ், காதர் பாய். மண்டபத்துக்குள் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாரோ காற்றுக்காக வாசல் பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பொண்ணு வீட்டுக்கு ரெண்டு பாக்ஸ். எங்களுக்கு ஒண்ணுகூடவா இல்ல?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா.

ராஜேந்திரன் பதறினார். "பாய், வேன்ல இருக்கிற ரெண்டையும் பந்தல்ல கட்டிடுங்க."

"எல்லாம் எட்டு ஓம் தடை உள்ள பாக்ஸுங்க. ரெண்டு சேர்ந்து இப்ப நாலு ஓம். இதே லைன்ல இன்னும் ரெண்டு சேர்த்தா ரெண்டு ஓம் ஆயிடும். நாலுக்குக் கீழ போனா கரண்ட் கூடி ஆம்ப்ளிஃபயர் தாங்காது."

"பாக்ஸ் கூடினா கணக்கு குறையுமா? நல்லா இருக்கே!" — தாய்மாமா.

"பாக்ஸ் ஒண்ணொண்ணும் ஒரு மதகுங்க. எல்லாத்தையும் திறந்துவிட்டா வாய்க்கால் என்னத்துக்கு ஆகும்?"

"அதுக்கு எங்க மதகை மூடிடுவீங்களா?"

டெல்டாக்காரரிடம் போய் மதகு உதாரணம் சொல்லலாமா பாய்?

"வேற மாதிரியும் கட்டலாம். சத்தம் குறையும்..."

"குறையக் கூடாது!" — தாய்மாமா.

பாய் அதே லைனில் கட்டினார். நான் பெண் வீட்டுப் பெயர்களைக் கணீரென்று வாசித்து முடித்து, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு வந்தேன். டப்! ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. மைக் செத்துவிட்டது.

"நம்ம பேரு வர்றப்ப பாத்து நிறுத்துறாங்க! எழுந்திரிங்க எல்லாரும்!"

பந்தலில் நாற்காலிகள் நகர்ந்தன. ராஜேந்திரன் வாசலை மறித்துக் கைகூப்பி நின்றார். நானும் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன்... ஒரு தாய்மாமா எத்தனை ஓம் என்று எதிலும் போடவில்லை.

காதர் பாய் மட்டும் நிதானமாக இருந்தார். இரண்டு பாக்ஸை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு ஜோடி, அதேபோல இன்னொரு ஜோடி; பிறகு இரண்டு ஜோடிகளையும் ஆம்ப்ளிஃபயரில் இணையாகச் சேர்த்தார். ஜோடிக்குப் பதினாறு, மொத்தம் எட்டு ஓம். ஆம்ப் பிழைத்தது. ஆனால் ஒரு பாக்ஸுக்குப் பழைய பவரில் கால்வாசிதான்.

முதலிலிருந்து வாசித்தேன். மின்விசிறி இரைச்சலில் என் குரல் எனக்கே எட்டவில்லை.

முடித்துவிட்டுப் பயந்துகொண்டே பந்தலுக்குப் போனேன். "கேட்டுச்சுங்களா?"

"ஒரு எழுத்து கேக்கல." தாய்மாமா முறைத்தார். "உள்ள அவங்களுக்கு?"

"அவங்களுக்கும் கேக்கலைங்க."

அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப சரி... தட்டை மாத்திக்கலாம்!"